நீலம் போனது, சிவப்பு வந்தது

குழாய் முனையில் அனிதா பிடித்திருந்த கண்ணாடி டம்ளரில் சிவப்புத் தண்ணீர் விழுந்தது.

"அண்ணா, பம்ப நிறுத்துங்க!"

மெக்கானிக் கரீமுல்லா சுவிட்சைத் தட்டினார். உள்ளே போனது நீலச் சாயக் கழிவு. ஒரு வாரமாக அந்தப் பட்டறையில் நீலத்தைத் தவிர வேறு சாயமே கரைக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது சிவப்பு?

மணி பத்தேகால். பதினொன்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து பார்க்கும்போது வெளியேறும் தண்ணீரில் நிறம் இருந்தால், துரைக்கண்ணுவின் சாயப்பட்டறைக்கு சீல். இதுதான் கடைசி வாய்ப்பு என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள்.

"பத்து நாளா பளிங்காட்டம் வந்துகினு இருந்துச்சு. இன்னிக்கு நீ புது பில்டர் ஷீட்டு மாட்டுன, பூட்ச்சி!" துரைக்கண்ணு கரீமுல்லா மேல் பாய்ந்தார். "வேற எங்கியோ செவப்புக்குப் போட்ட பழசக் கொணாந்து சொருகிட்டியா பாய்?"

"ஆங், என் வூட்டு பீரோவுல அடுக்கி வெச்சிக்கிறேன் பாருங்க. உங்க கையிலருந்துதான மொதலாளி வாங்குனேன்?"

"அப்ப லீக்கு."

"லீக்குன்னா நீலம்தாங்க வரணும்," என்றாள் அனிதா.

பள்ளிப்பட்டுப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவள். கல்லூரி ஆய்வகத்திலிருந்து அந்தச் சவ்வுத் தாள்களைக் கொண்டுவந்தவளே அவள்தான். சல்லடை வேலை அல்ல அது. தண்ணீரில் கரைந்த சாயம் எந்தச் சல்லடையிலும் நிற்காது. இந்தத் தாள் சாயத்தைத் தன் மேல் இழுத்து ஒட்டவைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் அனுப்பும். நீலத்தை அது பிடித்துவிட்டது. ஆக, தாளைத் தாண்டிய பிறகுதான் சிவப்பு சேர்ந்திருக்க வேண்டும்.

சலவைச் சோடா கலந்த கழிவு. காரம். காரம் பட்டால் சிவப்பது எது?

வாசலில் மிளகாயோடு தொங்கிய திருஷ்டி எலுமிச்சையைப் பிய்த்தாள்.

"ஐயோ, அத்த ஏம்மா!" துரைக்கண்ணு பதறுவதற்குள் பாதிப் பழம் டம்ளரில் பிழியப்பட்டிருந்தது.

சிவப்பு மறைந்தது. பளீரென்று மஞ்சள்.

"ஆரத்தி!" என்றாள். "மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும் இல்ல? இங்க சோடா. அண்ணா, ஷீட்டு மாட்டுன சட்டத்தக் கழட்டுங்க."

கழற்றினார். தாளின் பின்பக்கம், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு.

"நான் கம்பெனி மார்க்குன்னு நெனச்சேன்," என்றார் கரீமுல்லா.

இருவரும் திரும்பினார்கள். துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"மொத ஷீட்ட நீயே மாட்டிட்டம்மா, ஒண்ணும் செய்ய முடியல. புதுத்துணிக்கு மஞ்ச வெக்காம எப்டிம்மா? முன்பக்கம் வெச்சா வேல கெட்டுடுமோன்னுதான் பின்பக்கம் வெச்சேன்..."

"மஞ்சளா இருந்தா என்ன, சாயமா இருந்தா என்ன? நிறம் நிறம்தாங்க." வாசலில் அதிகாரி. முன்கூட்டியே வந்துவிட்டார். "பதினொண்ணு வரைக்கும் டைம் இருக்கு."

மிச்சமிருந்தது ஒரே தாள். அனிதா குழாயைக் கழுவினாள். கரீமுல்லா தாளைப் பொருத்தி போல்ட்டுகளை முறுக்கினார். துரைக்கண்ணு, யாரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பம்பு உறுமியது. நீலம் உள்ளே போனது. அரை நிமிடம். ஒரு நிமிடம்.

டம்ளருக்கு அப்பால் கரீமுல்லாவின் சட்டைப் பித்தான்கள் தெளிவாகத் தெரிந்தன.

அதிகாரி தன் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து மூடி, லேபிள் ஒட்டினார். "லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஓட்டுங்க." கதவுவரை போனவர் திரும்பி வந்து சட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ நீலமும் இந்தத் தாள்லயா ஒக்காந்துகினு இருக்கு? எங்க, கழட்டிக் காட்டு!"