மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ்

மூன்றாவது கார்புறேற்றரையும் பூட்டி ஓட்டிப் பார்த்த மர்சூக், மொறிஸ் மைனர் காரின் மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மன்னார் உப்புக்குளத்தில் அவருடைய வீட்டுக்கு முன்னால் நாலு தகரத்தைச் சாய்த்துப் போட்டதுதான் கராஜ். வீட்டிலும் ஓர் அறைக்கு மட்டுந்தான் கூரை. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது விட்டுப் போனவர்கள் இருபது வருசம் புத்தளத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி, சுவருக்குள் வளர்ந்திருந்த வேம்பை வெட்டிய அலுப்பே இன்னும் தீரவில்லை.

மொறிஸ், நானாட்டான் பக்கத்து வயற்காரர் பரமநாதனுடையது. மீளக் குடியேறிய அவருடைய ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே வாகனம் அதுதான். போன கிழமை ஏற்றத்தில் இழுக்கமாட்டாமல் நின்றுபோய், மீன் லொறி ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. மகள் துசாந்தினிக்கு இது நிறைமாதம்.

முதலில் காரோடு வந்த பழைய கார்புறேற்றரைத் துப்புரவாக்கிப் பூட்டினார். கறுப்புப் புகை கக்கியது. அடுத்தது, பரமநாதன் எங்கேயோ வாங்கி வந்த ஜப்பான் காரின் கார்புறேற்றர். வாய் பெரிசென்றால் இழுவையும் பெரிசு என்று விற்றவன் சொன்னானாம். அதற்கென்று தகடு வெட்டி, துளை போட்டுப் பூட்டினால், நின்ற இடத்தில் கத்தியது. பாரம் ஏற்றினால் இருமியது. இது மூன்றாவது, புத்தளத்தில் வேறொரு மொறிஸில் இருந்து கழற்றியது. ஊசி, பிஸ்டன் எல்லாம் அளவானது. புகை போய்விட்டது. ஆனால் இரண்டு சீமெந்துப் பையை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, பாலத்து ஏற்றத்தில் பழையபடி சோர்ந்துவிட்டது.

மனைவி றம்லா வெறுந்தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள்.

"முந்தி எவ்வளவு சுகமா ஓடின கார் தம்பி," என்றார் பக்கத்தில் குந்தியிருந்த பரமநாதன். "மண்ணெண்ணெயில."

மர்சூக் கோப்பையைக் கீழே வைத்தார். "எதில?"

"மண்ணெண்ணெயில. சண்டைக்குள்ள பெட்ரோல் எங்கால? கார்புறேற்றர் வாயில ரெண்டு துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய்தான். எல்லாரும் அப்பிடித்தானே ஓடினவை. இப்பதானே பெட்ரோல் விடுறம்."

"நான் ஓடல்லயே அண்ணன். நான் புத்தளத்தில இருந்தனான்."

பரமநாதன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். சண்டைக்குள் மர்சூக் இங்கே இருக்கவில்லை என்பது அவருக்கு இதுவரை தோன்றவேயில்லை.

"வேற என்ன செய்தீங்க இதுக்கு?" என்று கேட்டார் மர்சூக்.

"ஊசியை அரத்தாள் போட்டு மெலிய வைச்சம். பிறகு இஞ்சின் இடிச்சது. ஹெட்டுக்குக் கீழ இன்னொரு காஸ்கெட் வைச்சம். இடி நிண்டுட்டுது."

மர்சூக் எழுந்து போய் இஞ்சின் மூடியான ஹெட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். எண்ணெய் அழுக்குக்குள் இரண்டு காஸ்கெட் தகட்டின் விளிம்பு. உயர்ந்துபோன ஹெட்டுக்குள் இடம் கூடி, காற்று இறுகாமல் கிடக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அது போதும். பெட்ரோலுக்கு எந்தக் கார்புறேற்றரைப் பூட்டினாலும் இழுவை வராது.

"இவ்வளவு நாளும் வாயைத் திறந்தீங்களா அண்ணன்? வருத்தத்தை மறைச்சுப்போட்டு டொக்டரிட்ட மருந்து கேட்ட மாதிரி!"

"வருத்தம் எண்டு நினைக்கேல்லைத் தம்பி. கார் எண்டா அப்பிடித்தான் எண்டு இருந்திட்டம்."

"இப்ப அந்தக் காஸ்கெட்டைக் கழட்டுவமோ?" என்று பரமநாதனே கேட்டார்.

மர்சூக் ஹெட்டின் போல்ட்டுகளைப் பார்த்தார். எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒன்று முறிந்தாலும் கார் மாதக்கணக்கில் படுத்துவிடும். புதுக் காஸ்கெட்டும் கொழும்பில் இருந்துதான் வரவேண்டும்.

"இப்ப தொடமாட்டன். இந்தக் கார்புறேற்றரோட நிக்காம ஓடும். ஆனா மெல்லத்தான் போகும். மகளுக்கு நோவு வந்தாப் பிறகு இதில ஏத்தாதீங்க. முதல்லயே கொண்டு வாங்க."

"கொண்டந்து எங்க விடுறது? எங்களுக்கு மன்னாரில ஆர் இருக்கினம்?"

"இஞ்ச விடுங்க," என்றாள் றம்லா, கதவடியில் நின்றபடி. "ஆஸ்பத்திரி கிட்டத்தானே."

மர்சூக் திரும்பி அந்த ஒற்றைக் கூரையைப் பார்த்தார்.

"நீங்க கராஜுக்குள்ள படுங்க," என்றாள் அவள். "கார்களுக்குப் பக்கத்தில படுத்தா, ஆக்கள் சொல்லாத உண்மையை அதுகளாவது சொல்லும்."

மறுநாள் பின்னேரம் மொறிஸ் ஊர்ந்து வந்து நின்றது. துசாந்தினி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "பாலத்தில ஒரு சைக்கிள்காரன் எங்களை விலத்திக்கொண்டு முன்னால போனவன் அக்கா. திரும்பிப் பாத்துச் சிரிச்சும் போட்டான்."

"சிரிக்கட்டும். நீங்க மீன் சாப்பிடுவீங்களா பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே றம்லா அவளுடைய பையை வாங்கினாள்.

மர்சூக் தகரத்துக்குக் கீழே பாயை விரித்தார். பரமநாதன் காரை நிறுத்திவிட்டு வந்து, பாயின் மற்ற ஓரத்தில் குந்தினார்.

"ஹெட்டை எப்ப தம்பி கழட்டுவம்?"

"பிள்ளை பிறக்கட்டும் அண்ணன்," என்றார் மர்சூக், கண்ணை மூடியபடி.