தினமும் கழுவிய கூண்டு

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மூத்திர நாற்றம் படிக்கட்டு வரை வருகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகவும், அப்போதும் நாறினால் அந்தப் பிராணி வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பிராணி ஒரு ஹாம்ஸ்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும், வால் இருப்பதே தெரியாத எலி. அந்த வீட்டில் குடியிருந்தவரின் அக்கா வேறு ஊருக்குக் குடிபோனபோது அதைக் கூண்டோடு கொண்டுவந்து தம்பியின் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். தம்பி லாரி ஓட்டுநர். சரக்கு இறக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பகலெல்லாம் தூங்கி, அந்தியில் எழுந்து சக்கரத்தில் ஓடும் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்தார். நாளெல்லாம் அவருக்கு இருந்த பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

அவர் மனைவி மருத்துவமனையில் வார்டு துப்புரவுப் பணியாளர். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள், முன்னவர் படுத்திருந்த சுவடே தெரியாமல் செய்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் கூண்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவாள். அடியில் மெத்தைபோல் பரப்பிய மரச்சீவல் முழுவதையும் கொட்டிவிட்டு, ப்ளீச்சிங் தண்ணீரில் கம்பி கம்பியாகத் தேய்ப்பாள். மறுநாள் காலை முன்னைவிட அதிகமாக நாறுவதாகக் கணவர் சொல்வார்.

“முதலாளி உன்மேல கேஸ் போடப் போறாரு. தினமும் வீட்டக் காலி பண்ண வெக்கிறியே.”

“போடட்டுங்க. கோர்ட்டுலயாவது கொஞ்ச நேரம் உக்காரலாம்.”

புதன்கிழமை அது விடாமல் தும்மியது. செருப்புப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். மருத்துவர் பெட்டியை முகர்ந்தார்.

“எதுலம்மா கழுவுறீங்க?”

“ப்ளீச்சிங்தான் டாக்டர். எங்க வார்டுல கிருமியே தங்காது.”

“கிருமி தங்காது, சரி. இவனாலயும் தங்க முடியலையே.”

அவர் பொறுமையாகச் சொன்னார். “இது மூக்கால வாழ்ற ஜீவன். தன்னோட வாசனை போயிடுச்சுன்னா, இது யார் வீடோன்னு பயந்து மூலைக்கு மூலை அடையாளம் வெக்கும். நீங்க கழுவக் கழுவ அதுக்கும் வேலை கூடும். ஈரமான மூலைய மட்டும் தினம் கரண்டியால அள்ளிப் போடுங்க. அது ஒளிச்சு வெச்ச காய் அழுகியிருந்தா எடுத்துடுங்க. முழுசா கழுவுறது மாசம் ஒரு தடவை, வெந்நீரும் கொஞ்சம் வினிகரும் போதும். அப்பவும் பழைய சீவல்ல காஞ்சதா ரெண்டு கைப்பிடி திரும்பப் போடணும்.”

“அழுக்கத் திரும்பப் போடுறதா?”

“அதுக்கு அது அழுக்கு இல்லம்மா.”

வியாழனும் வெள்ளியும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தாள். தும்மல் நின்றது. வெள்ளி மாலை, நாற்றம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்றார் கணவர்.

சனிக்கிழமை இரண்டு பேர் வேலைக்கு வராததால் மூன்று வார்டுகளை அவளே பார்க்க வேண்டியிருந்தது. வீங்கிய காலோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். எதிரே கூண்டு. பழுப்பேறிய சீவல், மங்கலான கம்பிகள்.

“நாளைக்கு அவர் வர்றாரு. இந்தக் கோலத்துலயா காட்டுறது?”

“நாறல. மோந்து பாரு.”

“எனக்கு எங்க தெரியுது? ப்ளீச்சிங்ல மூக்கு செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு. கண்ணுக்குத் தெரியுதே.”

“நான் சொல்றேன்ல. விட்டுடு.”

“நீங்க படுத்துக்கிட்டே சொல்லுவீங்க. அவர் என் மூஞ்சியத்தான பாப்பாரு.”

அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

முதலில் வினிகரைத்தான் எடுத்தாள். கம்பி பளிச்சிடவில்லை. அதை அலசிவிட்டுக் கடைசியில் ப்ளீச்சிங்கை ஊற்றித் தேய்த்து, புதுச் சீவலை நிரப்பி வைத்தாள். முதலாளி மூலைக்கு மூலை ஓடி வேற்று மண்ணை முகர்வதுபோல் முகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். பளபளத்த கூண்டைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“பாக்க சுத்தமாத்தான் இருக்கு. வாடை போகலையேம்மா.”

“ஒரு வாரம் குடுங்க சார்,” என்றார் கட்டிலில் இருந்தவர். “நேத்துக் கழுவிட்டா. அதனாலதான் நாறுது.”

“கழுவினதால நாறுதுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?”

இனி அந்தப் பிராணி இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் முதலாளியைக் கூண்டோடு கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு தையல்காரர் குடும்பம் அதை வாங்கிக்கொண்டு போனது.