முதல்நன்மைச் சங்கிலி

நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொன்ன அந்த மகா புத்திசாலி யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கிற கோலியர்ஸ் வுட்டில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேறு பாடமா இல்லை?

வந்தவர் ஞானரட்ணம். கோட்டும் சூட்டும், விரலுக்கொரு மோதிரம். தங்கம் துருப்பிடிக்காது, தமிழருக்குத் தங்கம்தான் மரியாதை என்று அரை மணித்தியாலம் அளந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பையிலிருந்து உரைகல்லையும் ஒரு சின்னப் போத்தில் அசிட்டையும் எடுத்து, சங்கிலி போட்டிருக்கிற பிள்ளைகள் வரிசையில் வாருங்கள், நல்ல தங்கமா என்று பார்ப்போம் என்றார். பத்து வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் கிடப்பதை ஊர் பார்க்க உரசிப் பார்க்கிற வெட்கங்கெட்ட வேலையை எங்கள் ஆட்களைத் தவிர யார் செய்வார்கள்? பெற்றோரும் பல்லைக் காட்டிக்கொண்டு வீடியோ எடுத்தார்கள்.

நான் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் ஜெனிற்றா வரிசையில் நிற்பதைக் கண்டதும் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தேன். அவள் கழுத்தில் கிடந்தது கவரிங். தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மை நாளில் அவளுடைய ஞானத்தகப்பன் எட்வேட் போட்ட இரண்டு பவுண் தங்கச் சங்கிலியை, மன்னாரில் என் அம்மா சாகக் கிடந்தபோது டிக்கெட் போட விற்றுவிட்டேன். அதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, மினுக்கக் கொடுத்து எடுத்தது என்று பொய் சொன்னேன். இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாது.

ஓடிப்போய், நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போவோம் என்றேன். அவள் ஏற்கெனவே கழற்றிக் கொடுத்துவிட்டாள். கல்லில் கோடு மஞ்சளாகத்தான் விழுந்தது. ஒரு துளி அசிட் விட்டதும் நுரைத்து அழிந்துபோனது. ஞானரட்ணம் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, யாரோ பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள், தந்தது யார் என்று கேட்டார். அவள் மெல்ல, எட்வேட் மாமா என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். எட்வேட்டின் பெயர் நாறியிருக்கும். அந்தச் சங்கிலிக்காக ஒரு குளிர்காலம் முழுக்க இரட்டை ஷிப்ட் செய்தவன் அவன்.

“எட்வேட் தந்தது நல்ல தங்கம்,” என்றேன். “நான்தான் வித்தனான். உங்கட கடையிலதான். நீங்கதான் நிறுத்து வாங்கினீங்கள்.”

அந்த மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும் என்று பார்த்தேன். எங்கே வந்தது? “பாத்தீங்களோ பிள்ளையள், ஆபத்துக்கு உதவுறதுதான் தங்கம்,” என்று சொல்லி, அதைக் கொப்பியில் எழுதச் சொன்னார். முப்பது பிள்ளைகள் என் மானத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். மேசையோடு சேர்த்து அந்த ஆளைத் தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது.

ஜெனிற்றா எழுதவில்லை. சங்கிலியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு என்னுடன் வெளியே வந்தாள். அம்மம்மாவைப் பார்க்கப் போகத்தான் விற்றேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஞானரட்ணத்தைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவள் நின்றுவிட்டாள்.

“அம்மம்மாவுக்கெண்டு சொல்லியிருந்தா நானே கழட்டித் தந்திருப்பன். ஏனம்மா என்னட்டைக் கேக்கேல்லை?”