பால்மீன் குளத்தில் சீனிக்காரம்

தவிட்டு மூட்டையோடு சாயல்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய இராமலட்சுமி, கரை ஏறியதும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய குளத்தின் தரை தெரிந்தது. ஓரத்தில் கிடந்த சிப்பி தெரிந்தது. குளம் வெட்டியபோது யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது.

"அண்ணே! குளத்துக்கு என்னண்ணே ஆச்சு?"

எதிர்க்கரையில் அவளுடைய அண்ணன் மலையாண்டி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. கல்யாணப் பந்தலைப் போட்டு முடித்தவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

"பாத்தியா? காலையில நீ போகையில எப்பிடிக் கெடந்துச்சு! கழுவாத பானை கணக்கா. இப்ப பாரு, ஊசி விழுந்தாலும் கண்ணால பாத்து எடுத்துரலாம்."

"என்னத்தப் போட்டீய?"

"சீனிக்காரம்தான். ஒரு மூடை. ஊர்லேர்ந்தே கொண்டாந்தேன். தங்கச்சி புதுசா கொளம் வெட்டியிருக்கா, வெறுங்கையோடயா வர்றது?"

படிகாரத்துக்கு அவர்கள் பக்கம் சீனிக்காரம் என்று பெயர். கடலாடிக்கு உள்ளே தள்ளி இருக்கும் அவர்கள் ஊரில் குடிக்க ஒரே ஓர் ஊருணிதான். மழை பெய்து தண்ணீர் கலங்கினாலோ, வெயிலில் பச்சை கட்டினாலோ, சீனிக்காரத்தைச் சாக்கில் கட்டி, ஊருணி முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்த வேலைக்கு ஊரார் கூப்பிடுவது மலையாண்டியைத்தான். தண்ணீர் பச்சையாகக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அதிலும் தங்கச்சி வீட்டுத் தண்ணீர். நாலுபேர் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

இராமலட்சுமி தவிட்டு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, அது அழுக்கு இல்லண்ணே. அதுதான் வெள்ளாமை. நீங்க களை எடுக்கல. வெளஞ்சு நின்னத மொத்தமா சாச்சுப்புட்டீய."

மலையாண்டி குளத்தைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், மறுபடி குளத்தைப் பார்த்தார்.

அவர் குழம்பியதில் வியப்பில்லை. இராமலட்சுமிக்கே போன வருஷம் மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போகும்வரை இது தெரியாது. அவளும் அவள் கணவர் தங்கப்பாண்டியும் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த நிலம் அது. உப்பு ஏறி, செடி முளைப்பதே நின்றுபோன பிறகு, கால் ஏக்கரைக் குளமாக வெட்டி, பக்கத்து ஓடையிலிருந்து கடல் தண்ணீரை மடை வழியாக உள்ளே விட்டார்கள். தங்கப்பாண்டி உப்பு லாரி ஓட்டப் போய்விடுவார். குளம் அவள் பொறுப்பு. வளர்க்கப் போவது பால்மீன். மற்ற மீனைத் தின்னாத மீன் அது. கடலில் ஆடுமாடு மாதிரி, பச்சையை மேய்ந்து வளரும்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதுதான் அழகான சங்கதி. குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான செடிகள் மிதக்கும். வேர் இல்லை, தண்டு இல்லை. ஒவ்வொன்றும் ஒற்றை உயிரணு. ஆனால் நெல் செய்கிற அதே வேலையை இவையும் செய்கின்றன. வெயிலைப் பிடித்து, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் சத்துகளையும் சேர்த்து உணவாக்குகின்றன. இவற்றை நுண்பூச்சிகள் தின்னும், பூச்சியைச் சாளை தின்னும், சாளையைச் சீலா தின்னும், சீலாவை நாம் தின்போம். கடலில் யாருடைய சாப்பாட்டைப் பின்னால் தேடிக்கொண்டே போனாலும் கடைசியில் பெரும்பாலும் இந்தப் பச்சையில்தான் போய் நிற்கும்.

மீன் குளம் வைத்திருப்பவர்கள் இதை ஒரே சொல்லில் 'கலர்' என்பார்கள். குஞ்சு பிடித்து விற்கும் கீழக்கரை தாஹா போன் எடுத்தால், சலாமுக்கு அடுத்த வார்த்தையே "கலர் வந்துருச்சா?" என்பதுதான்.

அந்தத் தாஹா வெள்ளிக்கிழமை குஞ்சோடு வருவதாக இருந்தது. பால்மீன் குஞ்சு கரையோரம் ஒதுங்குவது குறிப்பிட்ட பருவத்தில்தான். இந்தத் தடவை கிடைத்ததே கொஞ்சம். அவள் தவறவிட்டால் வாங்கிக்கொள்ள வேறு குளங்கள் வரிசையில் நின்றன. பிறகு அவளுக்கு அடுத்த பருவம்தான். அதுவரை குளம் வெறும் பள்ளம்.

அவள் போனைப் போட்டாள். ஒளிக்காமல் சொன்னாள்.

"சீனிக்காரமா?" தாஹா சிரிப்பை அடக்குவது கேட்டது. "அக்கா, கொளத்தயே சவரம் பண்ணி விட்டாரா ஒங்க அண்ணன்?"

"சிரிக்காத தம்பி. இப்ப என்ன செய்ய?"

"வெறுந்தண்ணியில குஞ்சு எறக்க மாட்டேங்க்கா. பசியில செத்துரும், பாவம். வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு வண்டிய எடுக்கறேன், ஒங்க கொளத்தப் பாத்துட்டுத்தான் மத்த ஊருக்குப் போவேன். தீனி இருந்தா எறக்குறேன். இல்லாட்டி எம்மேல வருத்தப்படக் கூடாது."

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்ட மலையாண்டி அன்று மத்தியானம் சோறு வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்தார்.

"ஏந்தாயி, நம்ம ஊருணியில இப்ப பச்சை கட்டித்தான் கெடக்கு. ரெண்டு டிரம்மு அள்ளியாந்து ஊத்திரவா?"

"அது நல்ல தண்ணிப் பச்சை. இந்த உப்புல கருவாடாயிரும்ணே."

"அப்ப கடல்லேர்ந்து அள்ளியாரேன்."

"மடை வழியா வர்றதே அதுதான். ஆனா அது பெருகிக் கலர் கட்ட நாளாகும்." அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போயி சாப்பிடுங்கண்ணே. நீங்க பட்டினி கெடந்தா கொளம் பச்சையாவா மாறப் போகுது?"

சாயங்காலம் அவள் வழக்கப்படி தட்டை இறக்கிப் பார்த்தாள். கலர் போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ, அதை வைத்து எவ்வளவு பச்சை மிதக்கிறது என்று கணக்கு. முந்தின நாள்வரை முழங்கை ஆழத்தில் மறைந்த தட்டு, இன்று தரையில் போய் உட்கார்ந்த பிறகும் பளிச்சென்று தெரிந்தது.

வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தவள் குனிந்தாள். தட்டைச் சுற்றித் தரை சேற்று நிறத்தில் இல்லை. தவிட்டுப் பச்சையில், பஞ்சு படிந்தது மாதிரி இருந்தது.

சீனிக்காரம் செய்வது என்ன? அது செடிகளைக் கரைப்பதில்லை. மிதக்கும் நுண்செடிகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு தனித்தனியாக இருக்கும். அதனால்தான் அவ்வளவு லேசாக மிதக்கின்றன. சீனிக்காரம் உள்ளே போனதும் அந்த விலகல் போய், கைகோத்துக்கொண்டு, திரள் திரளாகக் கனத்துக் கீழே இறங்கிவிடுகின்றன. ஊருணியில் நாம் குடிப்பது மேல்தண்ணீரை. கீழே படிந்தது என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

ஆழ்கடலில் இப்படி இறங்கினால் முடிந்தது கதை. கீழே போகப் போக இருட்டு. இருட்டில் செடிக்கு வேலை இல்லை. ஆனால் இராமலட்சுமியின் குளம் தொடையளவு.

"அண்ணே! இங்கன வாங்க. தட்டு தெரியுதா?"

"அதான் தெரியுதே. இன்னும் எத்தன தடவ குத்திக்காட்டுவ?"

"குத்திக்காட்டலண்ணே. தட்டு நம்ம கண்ணுக்குத் தெரியுதுன்னா வெயிலு அதுவரைக்கும் போயிட்டு வருதுன்னு அர்த்தம். சாஞ்ச பயிரு இன்னும் சாகல. மேல மெதந்து வெளஞ்சது இனிமே தரையில வெளையட்டும். பால்மீனுக்குத் தரையில மேயறதுன்னா அம்புட்டு இஷ்டம்னு பயிற்சியில சொன்னாக. நான்தான் கலரு கலருன்னு மறந்துட்டேன்."

"நெசமாவா?"

"தண்ணியக் கொறைக்கணும். வெயிலு நல்லாத் தரையில ஒறைக்கணும். உரமும் வேணும். சீனிக்காரம் மணிச்சத்தையும் சேத்துப் புடிச்சுக் கட்டிப்போட்டுரும்."

மணிச்சத்து என்றதும் மலையாண்டி நிமிர்ந்தார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் வயலுக்கு உரம் போட்டு அவருக்குப் பழகிய வார்த்தைகள். இவ்வளவு நேரம் அவருக்குத் தெரியாத ஒரு பண்டமாக இருந்த குளம், சட்டென்று வயலாகிவிட்டது.

"அப்ப வயலு மாதிரி இதுக்கும் ஆட்டுக் கிடை போட்டு உரமேத்தணும்னு சொல்லு!"

"ஆட்ட உள்ள எறக்கிறாதீய சாமி!"

"ஏன், எனக்கு அம்புட்டுக்கூடத் தெரியாதா?"

மறுநாள் முழுக்க அவர் ராஜ்ஜியம். கடல் உள்வாங்கி ஓடையில் நீர் இறங்கும் நேரம் பார்த்து மடையைத் திறந்தார். தரையில் படிந்த பச்சை கலையாமல் தண்ணீர் மட்டும் மெல்ல நழுவும்படி, பலகையை விரல் விரலாக உயர்த்தினார். அதை அவரைப்போல் செய்ய ஆள் கிடையாது. மிச்சத்தை என்ஜின் வைத்து இறைத்து, கெண்டைக்கால் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரிடம் மக்கிய புழுக்கை வாங்கிவந்து, சாக்கில் கட்டி ஊறவைத்து, டீத்தண்ணி மாதிரி வடிந்த சாற்றைக் குளமெங்கும் தெளித்தார். பால் இறங்காத குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல அவ்வளவு கவனம்.

புதன்கிழமை உச்சி வெயிலில் அவர் கூச்சல் போட்டார்.

"லெச்சுமி! போச்சு! கொளம் புளிச்சுப்போச்சு! மாவு மாதிரி பொங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், தரையில் பழுப்புப் பச்சையில் விரித்த மெத்தை முழுக்க முத்து முத்தாகக் குமிழி. சில இடங்களில் குமிழி சேர்ந்து மெத்தையையே கிழித்துத் தூக்கி, அப்பளத் துண்டுபோல மேலே மிதக்க விட்டிருந்தது.

"புளிக்கலண்ணே, மூச்சு விடுது. வெயில வச்சுச் சாப்பாடு பண்றப்ப மிஞ்சுற காத்து அது. நல்ல காத்து, நாம இழுக்கிறமே, அது. ஒலகத்துல உண்டாகுறதுல பாதிக்குக் கிட்ட இந்த மாதிரி கடல்ல கெடக்குற பொடிசுகதான் உண்டாக்குதாம்."

மலையாண்டி குனிந்து ஒரு குமிழியை விரலால் தொட்டார். உடைந்தது. இன்னொன்றையும் உடைத்தார்.

"விளையாடாதீய."

"பாதிக்குப் பாதியா?" என்றார். "அப்ப நான் ஊருணியில இத்தன வருசமா எத்தன பேரு மூச்ச நிறுத்தியிருக்கேன்?"

வெள்ளிக்கிழமை தாஹா வந்தான். வண்டிக்குள் காற்று அடைத்த பாலித்தீன் பைகள் குலுங்கின. கரையில் நின்றபடியே அவன் முகம் சுண்டியது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

"கலர் எங்கக்கா?"

"குனிஞ்சு பாரு."

"குனிஞ்சா எப்பிடிக்கா கலர் வரும்?"

"ஏலே, அவ சொல்றால்ல, குனியேன்" என்றார் மலையாண்டி.

தாஹா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். தரையில் படிந்திருந்ததைக் கைநிறைய அள்ளினான். விரலில் தேய்த்தான். முகர்ந்தான். சேற்று நாற்றம் இல்லை, புதுக் கடல் வாடை.

"நான் மெதக்குறதத்தான் பாத்திருக்கேன்" என்றான் யோசித்தபடி. "கையால பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பாத்து என்ன செய்ய? திங்கப்போறது அதுக. அதுகளயே கேட்டுருவோம்."

ஒரே ஒரு பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே சூடாகும்வரை காத்திருந்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, பிறகு ஓரத்தில் கட்டிய வலைக்குள் சில குஞ்சுகளை விட்டான். ஊசி நீளம்கூட இல்லை. உடம்பே கண்ணாடி; இரண்டு கண் மட்டும் கறுப்பாக ஓடியது. மூவரும் கரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இராமலட்சுமியின் டீ ஆறியே போய்விட்டது.

தாஹா எழுந்துபோய் ஒரு குஞ்சைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அதன் ஒளி ஊடுருவும் வயிற்றுக்குள், நூல் கோத்ததுபோல மெல்லிய ஒரு பச்சைக் கோடு.

"மாஷா அல்லாஹ்! சாப்பாட்ட முடிச்சிட்டான்!"

இராமலட்சுமி தம்ளரை வாங்கினாள். கோடு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அண்ணனிடம் நீட்டினாள்.

"எறக்கு தம்பி" என்றாள். "எல்லாத்தையும் எறக்கு."

பைகள் ஒவ்வொன்றாக மிதந்து, பழகி, திறந்தன. கடைசிப் பையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் நடுவில் நின்ற மலையாண்டியின் காலைச் சுற்றி ஆயிரம் கறுப்புக் கண்கள் மொய்த்தன. சில அவர் கணுக்காலில் ஒட்டியிருந்த பச்சையை மேயத் தொடங்கின.

"லெச்சுமி, நான் எப்பிடி வெளிய வர்றது? கால வச்சா மிதிபட்டுருமே!"

"அங்கனயே நில்லுங்கண்ணே. அதுக சாப்பிட்டு முடிக்கட்டும்."

"எப்ப முடிக்கும்?"

"பொழுது சாயிற வரைக்கும் மேயும்ணே" என்றான் தாஹா, வண்டியில் ஏறிக்கொண்டே.

மலையாண்டி ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்துக்கொண்டு, குளத்தின் நடுவில் நின்றார்.