அரைப்பேர் ஷெரோமி

2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஷெரோமி கண்டிக்குப் போவதற்காக ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். அதே ஆறே முக்காலுக்குக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்திலும் வந்து நின்றாள். இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தனி. அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை, ஆகவே கண் தவறிவிட்டது என்று சொல்ல வழியில்லை. வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற கணக்கப்பிள்ளை அழகன், பஸ் போன பாதையை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்தார்.

"என்னா புள்ள, நீ இப்பத்தானே பஸ்ஸுல போன?"

"போனேங்க ஐயா. வந்தும் இருக்கேன்."

"அப்ப பாதி ஆளுதானே வந்திருக்க? அரைப்பேருதான் போடுவேன்."

முழுநாள் வேலைக்கு ஒரு பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கம். பாதி ஆள் முழுநாள் நின்று வேலை செய்தாலும் அரைப்பேர்தான் என்று அழகன் அந்த இடத்திலேயே போட்ட சட்டத்தில் யாருக்கும் பிழை தெரியவில்லை. கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். கண்டியில் தாதியர் பயிற்சிக்கு அவள் தெரிவாகிக் கடிதம் வந்த அதே வாரம், அவள் அம்மா அந்தோனியம்மாவுக்கு அறுபது வயது முடிந்து வேலை நின்றது. அப்பா இறந்து ஏழு வருடம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் குடியிருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஷெரோமி ஒரே பிள்ளை. போனால் அம்மாவுக்குக் கூரை இல்லை, இருந்தால் தனக்கு வெள்ளை உடுப்பு இல்லை. பதினோரு நாள் யோசித்தாள். அவள் யோசித்த சூட்டில் கூரைத் தகரம் காய்ந்து, பக்கத்துக் காம்பரா ராசம்மா அதன்மேல் மூன்று கிலோ மிளகாய் உலர்த்தி எடுத்தாள். அந்தோனியம்மா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யிடி" என்று சொல்லிவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் குனிந்து ஊதினாள். பன்னிரண்டாம் நாள் ஷெரோமி எதையும் விட மனமில்லாமல் இரண்டையும் செய்தாள்.

ஆளை இரண்டாகப் பிரித்தால் எல்லாம் சரிபாதியாகப் பிரியும் என்று நினைத்தால் அது தப்பு. பசி முழுவதும் மலையில் இருந்தது. சோறு முழுவதும் கண்டி விடுதியில் கிடைத்தது. பறிக்கிற பெண்கள் பகிடி சொன்னால் இங்கே நின்றவள் முகத்தில் ஒரு அசைவும் இராது. அங்கே, எலும்புகளைப் பற்றிய பாடத்தின் நடுவில், மற்றவள் விழுந்து விழுந்து சிரித்து வெளியே அனுப்பப்படுவாள். அட்டை கடித்தது இங்கே, இரத்தம் வழிந்தது அங்கே. படிப்பும் அந்தக் கதைதான். கண்டிக்காரி ஒவ்வொரு விடையிலும் முதல் பாதியைத்தான் எழுதுவாள். மிச்சப் பாதி எட்டாம் நம்பர் மலையில் இவள் வாயில் வந்து விழும், இவளும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பறிப்பாள். மூன்று வருடத்தில் அந்த மலைத் தேயிலைச் செடிகளுக்கு இதயத்தின் கீழறைகளும் சிறுநீரகத்தின் வேலையும் அத்துப்படியாகிவிட்டன. கவ்வாத்து வெட்டின பிறகு மற்ற மலைகளைவிடப் பத்து நாள் முந்தி எட்டாம் நம்பர் துளிர்த்ததற்கு இந்தப் படிப்புதான் காரணம் என்று ராசம்மா அடித்துச் சொன்னாள்.

செடிகள் தேறின, அவள் தேறவில்லை. இரண்டு தடவை பரீட்சையில் தவறினாள். மூன்றாவதும் கடைசியுமான தடவை 2019 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை என்று வந்தது. அதற்கு முந்தின வாரம் அழகன் காம்பரா வாசலுக்கே வந்து நின்றார்.

"மூணு வருசமா அரைப்பேரு. பெரிய தொர கேக்குறாருங்க அந்தோனியம்மா. வார திங்கக்கெழம ஒங்க மக முழு ஆளா வந்து நிக்கணும். இல்லாட்டி சாவியக் குடுத்துருங்க."

அதே திங்கட்கிழமை. இனி ஒருத்தி விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். போனில் பேசி முடிவெடுத்திருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே நம்பர், எப்போது அடித்தாலும் வேறொரு அழைப்பில் இருப்பதாகவே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மலைக்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். காம்பரா போனால் போகட்டும், முழுசாக ஒரு நர்ஸ் இருந்தால் அம்மாவை எங்கேயும் வைத்துப் பார்க்கலாம், நான் போய் அவளோடு சேர்ந்துகொள்கிறேன் என்று பஸ் ஏறினாள். அதே நிமிடத்தில் கண்டிக்காரியும் ஒரு முடிவுக்கு வந்தாள். அறுபத்து மூன்று வயதில் அம்மாவை ரோட்டில் நிறுத்திவிட்டு உடுப்பு என்ன உடுப்பு, நான் போய் அவளோடு சேர்ந்துகொள்கிறேன் என்று அவளும் ஏறினாள்.

கினிகத்தேனைக்கு மேலே ஒரு வளைவில் இரண்டு பஸ்ஸும் மாட்டிக்கொண்டன. யார் பின்னால் எடுப்பது என்று டிரைவர்கள் இருவரும் சிங்களத்தில் நான்கு நிமிடம் ஒருவரையொருவர் பரம்பரையோடு விசாரித்தார்கள். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் ஒரு முழம்தான் இருக்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு ஷெரோமி ஷெரோமியைப் பார்த்தாள். ஒருத்தியின் விரல்கள் கொழுந்துக் கறையில் கறுத்து வெடித்திருந்தன. மற்றவளின் விரல்கள் மருந்துச் சவர்க்காரத்தில் வெளுத்திருந்தன.

"நீ எங்கடி போற?"

"ஒங்கிட்டத்தான். நீ?"

"நானும் ஒங்கிட்டத்தான் வாரேன்."

"அப்ப எறங்கி இந்தப் பஸ்ஸுல ஏறு."

"நீ எறங்குடி. எங்கிட்ட பொட்டி இருக்குல்ல?"

நான்கு நிமிடம் என்பது சின்ன நேரமில்லை. இறங்கலாம், ரோட்டைக் கடக்கலாம், ஏறி உட்காரலாம், மூச்சும் வாங்கிக்கொள்ளலாம். அவள் இறங்குவாள் என்று இவள் இருந்தாள், இவள் இறங்குவாள் என்று அவள் இருந்தாள். பிறகு ஒரு பஸ் பின்னால் போய் வழி விட்டது.

திங்கட்கிழமை பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தவளுக்கு எல்லா விடைகளின் பின்பாதியும் தண்ணீர்பட்ட பாடு. 'ஆகவே' என்றும் 'அதனால்' என்றும் தொடங்கிப் பதினெட்டுப் பக்கம் எழுதினாள். பெரட்டுக்குப் போனவளோ கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் ஒவ்வொரு கிளைக்கும் நாடி பிடித்துப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் இரண்டு கிலோ பறித்தாள். அதையும் செடியிடம் வலிக்கிறதா என்று கேட்டுத்தான் பறித்தாளாம். அழகன் அரைப்பேர் போட்டு, வியாழக்கிழமை சாவியோடு வரச் சொன்னார்.

புதன்கிழமை, பரீட்சையைக் கோட்டை விட்ட மற்றவளும் வந்து சேர்ந்தாள். அந்தோனியம்மா சட்டிபானைகளைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுச் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். பெற்றது ஒன்று, வந்து நிற்பது இரண்டு. "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சேர்ந்து ஒருத்தியாகிவிட எவ்வளவோ பார்த்தார்கள். மாதா கோயில் சாமியார் வந்து ஜெபித்து, மந்திரித்த தண்ணீரை ஒரு வாளி நிறையத் தெளித்தும் பார்த்தார். நனைந்ததுதான் மிச்சம். மூன்று வருடத்தில் ஒருத்தியின் தோள் கூடையால் இறங்கியிருந்தது, மற்றவளின் தோள் அப்படியே இருந்தது. எப்படி வைத்தாலும் பொருந்தவில்லை. வியாழக்கிழமை இருவரும் பெரட்டில் ஒட்டி நின்றார்கள். அழகன் சாவியைக் கேட்பதற்கென்றே நீட்டிய கையை, ஒரு பாட்டம் யோசித்து, மடக்கிக்கொண்டார். "ரெண்டு அர. சரி, போங்க" என்று முழுப்பேர் எழுதினார். பெரிய துரையும் ஏட்டில் முழுப்பேரைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

காம்பரா இன்றைக்கும் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் அடுப்படியிலிருந்து அந்தச் சண்டை கேட்கும்.

"நீ எறங்கி வந்திருந்தா இந்நேரம் நாம நர்ஸுடி."

"நீ வந்திருந்தா முழுசாவாவது இருந்திருப்போம்."

அந்தோனியம்மா அதில் ஒருநாளும் வாய் கொடுப்பதில்லை. அன்றைக்கு 'போ' என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று அவள் ராசம்மாவிடம் சொன்னது வேறு விஷயம்.

போன மாதம் கந்தப்பளையிலிருந்து துஷாந்த் என்ற மாப்பிள்ளையின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு பேரும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். சம்மதமா என்று துஷாந்தின் அம்மா கேட்டபோது, ஒருத்தி சரி என்றாள், மற்றவள் வேண்டாம் என்றாள். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார்கள். வந்தவர்கள் இரண்டு பதிலையும் கேட்டுக்கொண்டு, பலகாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்கள்.