அரை சதவீதம் முன்னிலை

கண் விழித்ததும் ஹனாதிக்குக் கருத்துக்கணிப்பைப் பார்த்தாக வேண்டும். அதற்கப்புறம்தான் அடுப்பு.

அன்றைக்கு அதிபருக்கு நாற்பத்தொன்பதரை. எதிர் வேட்பாளருக்கு நாற்பத்தொன்பது. அந்த அரை சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது. துருக்கியின் காசியாந்தெப் நகரமெங்கும் எதிர் வேட்பாளரின் சுவரொட்டிகள்: 'சிரியர்கள் போவார்கள்!' போவதென்றால் சிரியாவின் அலெப்போவுக்கு. அவள் கணவன் மர்வான் அங்கே ராணுவத்திலிருந்து தப்பி வந்தவன். எல்லையைத் தாண்டினாலே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

மர்வான் வேலை பார்க்கும் பக்லாவா இனிப்புக் கடைக்கு அன்று விடுமுறை. சோம்பல் முறித்தபடி கேட்டான். "ஓட்டே இல்லாத நமக்கு எதுக்கு உம்மு லைத் இந்தக் கணக்கு?"

"ஓட்டு இருக்கறவங்க நிம்மதியாத் தூங்கறாங்க, அபூ லைத். நாமதான் முழிச்சிருக்கணும்." மகன் லைத் பிறந்ததிலிருந்து 'லைத்தின் அம்மா', 'லைத்தின் அப்பா' என்றுதான் இருவரும் அழைத்துக்கொள்வார்கள்.

"பேசாம உன்னை அந்தக் கணிப்பு கம்பெனியில சேர்த்து விட்டுடறேன்."

ஹனாதி சிரிக்கவில்லை. "நேத்து அவங்களே போன் பண்ணாங்க."

மர்வானின் முகம் வெளிறியது. "என்ன கேட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை யாருக்கு ஓட்டுப் போடுவீங்க அக்கான்னு ஒரு துருக்கிப் பொண்ணு கேட்டா."

"தப்பான நம்பர்னு சொல்ல வேண்டியதுதானே?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வளர்ந்தது அலெப்போவில். முகம் தெரியாத குரல் அதிபரைப் பற்றிக் கேட்டால் அங்கே ஒரே பதில்தான். யோசிக்கும் முன்பே நாக்கு முந்திக்கொண்டது. "அதிபருக்குத்தான், ஆண்டவன் அவருக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்!" பிஸ்தா உடைக்கும் பட்டறையில் கற்ற துருக்கி மொழி அவளுடையது. அந்தப் பெண்ணுக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. ஓட்டு இருக்கிறதா என்று கேட்டபோது, இருக்கிறது என்று சொல்வதைத் தவிர வழியில்லாமல் போனது. வயது, குடியிருக்கும் பகுதி எல்லாம் சொல்லிவிட்டாள்.

"நம்ம ஊர் பதிலை இங்க வந்து சொல்லியிருக்கியேடி!" மர்வான் தலையில் கை வைத்தான். "துருக்கிக்காரின்னு பொய் சொன்ன சிரியாக்காரி! லாரியில ஏத்த வேற காரணமே தேவையில்ல."

போன் அடித்தது. அதே எண்.

"எடுக்காத!"

"எடுக்கலைன்னா வீடு தேடி வந்துட்டா?"

எடுத்தாள். அழைத்தவள் மேற்பார்வையாளர் நெர்மின். சில பதில்களை மட்டும் மறுபடி சரிபார்ப்பது அவர்கள் வழக்கமாம். "உங்களுக்கு ஓட்டு இருக்கு, இல்லையா அக்கா?"

எது கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும்படி மர்வான் தலையைத் தலையை ஆட்டினான். இன்னொரு பொய்யைத் தாங்கும் தெம்பு ஹனாதியிடம் இல்லை.

"இல்ல மேடம். நான் சிரியாக்காரி. பயத்துல சொல்லிட்டேன். அழிச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும். மர்வான் ஓடிப்போய்க் கதவுக்குத் தாழ் போட்டான்.

"அழிச்சிட்டேன்."

"போலீசுக்குச் சொல்வீங்களா?"

"உங்க பேரே எனக்குத் தெரியாது. சொல்லவும் சொல்லாதீங்க."

ஹனாதிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு ஒரு கேள்வியும் வந்தது. "மேடம், அந்த அரை சதவீதம்... நெஜந்தானே?"

நெர்மின் களைப்போடு சிரித்தாள். "எனக்கெப்படித் தெரியும்? நீங்க ஒருத்திதான் பயந்தீங்களா? ஓட்டு இருக்கறவங்களும் பயப்படறாங்க அக்கா. அதிபர் பேரைச் சொன்னா வம்பில்லன்னு அதையே சொல்லிட்டு வைக்கறாங்க. மனசுல யாரோ!"

இணைப்பு அறுந்தது. ஹனாதி கணக்குப் போட்டாள். அப்படிப் பயந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால்கூடப் போதுமே, எல்லாம் தலைகீழாகிவிடுமே!

"என்னடி சொன்னா?"

"அழிச்சிட்டாளாம். நம்ம பேருகூடத் தெரியாதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! கடைசியா என்னமோ கேட்டியே?"

ஹனாதி அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"முன்னிலை நெஜந்தானான்னு கேட்டேன். நெஜந்தானாம். இன்னும் ஏறுமாம்."

மர்வான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். "சர்க்கரை தூக்கலா ஒரு டீ போடு உம்மு லைத்" என்றான், சிரித்தபடி.

அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள் ஹனாதி. அவள் உரசிய மூன்றாவது தீக்குச்சியும் பற்றவேயில்லை.