அடிப்பூச்சு

ஜோவன்னா வரைந்துகொண்டிருந்த படத்தில் மாதாவின் முகம், கழுத்து, விரல் எல்லாவற்றுக்கும் உயிர் வந்துவிட்டது. மடியில் இருந்த குழந்தை மட்டும் வாரக்கணக்கில் பச்சையாகவே கிடந்தது. இத்தாலியின் பழைய ஓவியர்கள் தோல் வரும் இடத்தில் முதலில் மங்கிய பச்சையைப் பூசுவார்களாம். அது காய்ந்த பிறகு மேலே சிவப்பும் வெள்ளையும் மெல்ல மெல்ல ஏற்றுவார்களாம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு நடத்தும் அதீஃப் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

"சிஸ்டர், பேபிய எப்ப முடிக்கப் போறீங்க? பயப்படாம பூசுங்க லா."

ஜோவன்னாவுக்குப் பயமெல்லாம் இல்லை, மனசுதான் வரவில்லை. போன வருடம், வயிற்றிலேயே அடங்கிப்போன பிள்ளையை நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, அவன் முகம் ஏறக்குறைய இந்த நிறத்தில்தான் இருந்தது. கணவன் கேலப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அதற்கப்புறம் மார்சிலிங் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அவன் சாங்கி விமான நிலையத்துக் கார்கோவில் ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்தான். பெற்றவன் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த முகத்தைத் தான் ஒருத்தியே ஞாபகத்தில் வைத்துக்கொண்டு திரிய, பாவம், அவளால் முடியவில்லை.

அன்று மழையில் வகுப்பறைக் கூரை ஒழுகியதால், அதீஃப் எல்லோரையும் படங்களை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கேலப், சாப்பாட்டு மேசைமேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றான்.

"இப்படியா இருந்தான்?"

இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்று நாக்கு நுனி வரை வந்தது அவளுக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"மூக்கு வேற. மூக்கு உங்கள மாதிரி."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதான். அவள் தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

"கலரு? உன் கலரா, என் கலரா?"

"தெரியலங்க. நான் பாக்குறப்பவே கலர் போயிருச்சு."

பார்த்து வரையக் கொடுத்திருந்த அச்சுப்படத்தில் குழந்தை ரோஜா நிறம். அதை அவள் கவிழ்த்து வைத்தாள். பழுப்பையும் மஞ்சளையும் தட்டில் பிதுக்கிக் குழைத்தாள். கேலப் சீருடையின் கையை மடித்துவிட்டு, முழங்கையை மேசைமேல் நீட்டினான். பக்கத்தில் அவள் தன் இடது கையை வைத்தாள். குழைத்த வண்ணம் அவன் கை நிறத்தோடும் சேரவில்லை, அவள் கை நிறத்தோடும் சேரவில்லை. இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தாள்.